ஆற்றில் தொலைத்ததைக் கொல்லையில் தேடாதீர்கள்

தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளம் கட்டுவது அநியாயம் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத தீர்ப்பாகிவிட்டது. கோடையில் போர்வெல் காற்று வாங்கத் தொடங்கியதும் இந்தத் தீர்ப்பு இன்னும் உரக்க ஒலிக்கிறது. விருத்தாசலம் போன்ற ஊரில் அதற்கு வலு அதிகம். மணிமுத்தாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரிகிறது. அகல் விளக்குக்கும் கொலு பொம்மைக்கும் அச்சு வார்த்துக் கூலி வாங்குகிறவர்கள் வாழும் இடத்தில், ஒருவர் கொல்லையில் ஓடு பதித்துத் தண்ணீரைக் கட்டிவைத்தால் தெருவே முகம் சுளிக்கிறது. அந்த முகச்சுளிப்புக்குப் பின்னால் இருக்கும் நியாய உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உணர்வு போட்டுவைத்திருக்கும் கணக்கு தவறு. அளவோடு கட்டி, மழைநீரால் நிரப்பி, சரியாகப் பராமரித்தால் கொல்லைக் குளம் ஊர்த் தண்ணீரைத் திருடுவதில்லை. நம் குடும்பங்கள், முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளும், எப்போதோ இழந்துவிட்ட ஒன்றை அது திருப்பித் தரவும் செய்யும். இதைத்தான் இங்கே வாதிடப் போகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நட்சத்திர ஓட்டலின் குளமோ சினிமாவில் பார்க்கும் பங்களாக் குளமோ என் வாதத்துக்குள் வராது. 4 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், நின்றால் மார்பளவு வரும் 1.2 மீட்டர் ஆழம். இதன் கொள்ளளவு 12,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி. இந்தத் தண்ணீரைத் தினமும் மாற்றுவதில்லை. வடிகட்டியில் சுழலவிட்டு, குளோரின் அளவைக் கவனித்துவந்தால் மாதக்கணக்கில் அதே தண்ணீர்தான். உண்மையான செலவு ஆவியாதல். நம் பக்கம் திறந்த நீர்ப்பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், பத்து சதுர மீட்டருக்கு 50 லிட்டர் போகும். கத்திரி வெயிலில் இன்னும் கூடும். இந்த எண்ணைச் சிறிதென்று ஒதுக்க மாட்டேன். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கென்று வைத்திருக்கும் அளவே 55 லிட்டர்தான். மூடி போடாமல் திறந்துகிடக்கும் குளம், தினமும் ஏறக்குறைய ஒரு மனிதரின் பங்கை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஆகப் பெரிய ஆயுதம் இதுதான். குளிக்காத நேரத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து மூடினாலே இதில் பாதிக்கு மேல் மிச்சமாகும் என்பது உண்மை. அதைக் கணக்கில் சேர்க்காமல், 50 லிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இதே 50 லிட்டரை, இதே தெருவில், யாரும் முகம் சுளிக்காமல் சாக்கடையில் விடும் கருவி ஒன்று உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. இயந்திரம். சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. நாளுக்கு 20 லிட்டர் பிடிக்கும் குடும்பம் 40 முதல் 60 லிட்டர் வரை வெளியேற்றுகிறது. வீட்டு முன்னால் நூறு சதுர மீட்டரில் புல்தரை வளர்ப்பவர், அது காயாமலிருக்க வெயில் நாளில் சுமார் 500 லிட்டர் பாய்ச்சுகிறார். அதைப் பசுமை என்று பாராட்டுகிறோம். வயலுக்குப் போனால் எண்கள் வேறு உலகத்துக்குச் சென்றுவிடும். ஒரு ஏக்கர் நெல், ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்டால் அது ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர், மேற்சொன்ன குளத்தை 400 முறை நிரப்பும் அளவு. கரும்பு இன்னும் அதிகம் குடிக்கும். உழவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, சோறு எல்லோருக்கும் வேண்டும். ஆனால் வாய்க்காலில் விடும் தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாய்க்கு மாற்றினால் ஒரு ஏக்கரில் மிச்சமாவதற்கு முன், ஒரு தெருவின் கொல்லைக் குளங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் எடுபடாது.

பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் உள்ள நீர்த்தாங்கி, மேல்நோக்கி அழுத்தம் கொண்டது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கம் தோண்ட முடியாது என்பதால், சுரங்கம் வெட்டும் காலமெல்லாம் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தே ஆகவேண்டும். மணிமுத்தாற்றின் மணல், ஏரிகளின் தூர்ந்துபோன வரத்து வாய்க்கால்கள், ஆக்கிரமிக்கப்பட்ட குட்டைகள் என்று தண்ணீர் போன வழிகள் எல்லாமே பெரிய வழிகள். திருமுதுகுன்றம் என்ற இந்த விருத்தாசலத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது இந்த ஊரின் கதை. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது தெய்வச் செயலாக இருக்கும்போது அழகு. நீர்க் கொள்கையாக இருக்கும்போது, ஆற்றில் தொலைந்ததற்கு அடுத்த வீட்டுத் தொட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, உண்மையில் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். கோபத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தப்பான வாசலில் கொட்டித் தீர்த்துவிட்டால் சரியான வாசலுக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு எதிராகக் கனமான சான்று ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் 2018இல் குழாய்கள் வறண்டுபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. அந்நகரைப் பற்றி 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மக்கள்தொகையில் 14 விழுக்காட்டுக்கும் குறைவான வசதி படைத்த வீடுகள் நகரின் தண்ணீரில் பாதிக்கு மேல் பயன்படுத்தியதாகக் கணித்தது. நீச்சல்குளமும் தோட்டமும் அதில் பெரும்பங்கு. இதைப் படித்த எவருக்கும் வீட்டுக் குளத்தின் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது நியாயம்தான். ஆனால் அந்த ஆய்வு காட்டுவது அளவற்ற பயன்பாட்டின் தீமையை. நான் சொல்லும் தொட்டியைவிடப் பல மடங்கு பெரிய குளங்கள், அவற்றைச் சுற்றிப் பரந்த புல்வெளி, இரண்டுக்கும் பெருமளவு நகராட்சிக் குடிநீர் என்பது அங்கிருந்த நிலை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், எத்தனை லிட்டர், எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகள்தான். குழாய்க் குடிநீராலோ லாரித் தண்ணீராலோ குளம் நிரப்பக் கூடாது என்று விருத்தாசலம் நகராட்சி நாளையே விதி போட்டால் அதை முதல் ஆளாக ஆதரிப்பேன்.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து? மொட்டை மாடியிலிருந்து. கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சிதறலும் முதல் மழையைக் கழித்துவிடுவதும் போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும், ஆண்டுக்கு 89,000 லிட்டர் கிடைக்கும். நம் குளத்தை நிரப்ப 160 மில்லிமீட்டர் மழை போதும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தால் இரண்டே நாளில் அந்த மழை வந்துவிடும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். எத்தனை வீடுகளில் அந்தக் குழாய் உண்மையாகவே ஒரு குழிக்குள் போகிறது, எத்தனை வீடுகளில் வரி ரசீதுக்காகச் சுவரோடு நிற்கிறது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் பார்த்துக்கொள்ளலாம். குளத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையுள்ள வீடு அந்தக் குழாயைச் சுத்தமாக வைத்திருக்கும், நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ திருப்பிவிடும். சட்டம் செய்ய முடியாததை ஆசை செய்துவிடுவது நாம் பல இடங்களில் பார்ப்பதுதான்.

தண்ணீர்க் கணக்கை இங்கே நிறுத்துகிறேன். அது ‘தப்பில்லை’ என்று மட்டும்தான் நிரூபிக்கும். ‘வேண்டும்’ என்று சொல்லக் காரணம் வேறு. 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே அ.குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் என்று இறங்கி இறங்கிப் போன உயிர்கள். இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 35,000 பேருக்கும் மேல் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள். ஆறும் ஏரியும் இவ்வளவு உள்ள நாட்டில் இத்தனை பேர் நீச்சல் அறியாமல் இருப்பது எப்படி? ஆண்பிள்ளைகள் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொண்டார்கள், பம்ப்செட் தொட்டியில் கும்மாளமிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதோடு அந்தக் கதவு மூடப்பட்டது. ஈர உடையோடு நாலு பேர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே தண்ணீரை விட்டு விலக்கப்பட்டவர்கள், கரையில் துணி துவைத்தார்கள், குடம் நிரப்பினார்கள், மிதக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது கிணறும் வற்றிவிட்டதால் ஆண்பிள்ளைகளுக்கும் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை.

நாலு மீட்டர் தொட்டியில் நீச்சல் வருமா என்று கேட்பார்கள். போட்டி நீச்சல் வராது. உயிர் பிழைக்கத் தேவையான முதல் பாடம் வரும். தண்ணீருக்குள் மூச்சை விடுவது, மல்லாந்து மிதப்பது, பதறாமல் திரும்பிச் சுவரைப் பிடிப்பது, இவ்வளவுக்கும் மார்பளவு தண்ணீரும் நம்பிக்கையான ஒரு கையும் போதும். வங்கதேசத்தில் கிராமக் குட்டைகளில் மூங்கில் மேடை கட்டி, சிறுபிள்ளைகளுக்கு 25 மீட்டர் நீந்தவும் 30 நொடி மிதக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பதை உலக சுகாதார நிறுவனம் தன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. முதியவர்கள் கதையும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும், மார்பளவில் இன்னும் குறையும். தரையில் பத்து அடி நடந்தால் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் அம்மா, தண்ணீரில் அரை மணி நேரம் நடப்பார். இதற்கு ஆடம்பரம் என்று பெயர் வைப்பது எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பொதுக் குளம் கட்டலாமே, வீட்டுக்கு வீடு எதற்கு என்பது நல்ல கேள்வி. கட்ட வேண்டும், ஒவ்வொரு நகராட்சியிலும் கட்ட வேண்டும், பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்றுநரும் வைக்க வேண்டும். அது வரும்வரை வீட்டில் இருப்பவர் காத்திருக்க வேண்டும் என்பதில் நியாயமில்லை. நூலகம் வேண்டும் என்று கேட்பவர் வீட்டில் புத்தகம் வாங்குவதை யாரும் தடுப்பதில்லை. தவிர, ஒரு கொல்லைக் குளம் ஒரு குடும்பத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் எதிர்வீட்டுப் பெண்களையும் அழைத்து இறங்கவைக்கும் வீடு, தெருவின் முகச்சுளிப்பைத் தானாகவே மாற்றிவிடும்.

விற்பனைக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. இப்போது விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் சூடான நீர் சுழலும் ஸ்பா, ஜக்குஸி. பனி பொழியும் நாட்டில் அதற்கு அர்த்தம் உண்டு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் விருத்தாசலத்தில், ஆயிரம் லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற சுமார் 12 யூனிட் மின்சாரம் எரிப்பது முட்டாள்தனம். வெதுவெதுப்பான நீர் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் காய்ச்சல் கிருமிக்கும் பிடித்தமான இடம், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. சாதாரணத் தண்ணீர்க் குளத்துக்கு அரைக் குதிரைச் சக்தி மோட்டார் நாலு மணி நேரம் ஓடினால் போதும். இரண்டு யூனிட்டுக்குள் முடியும். ஒன்றரை டன் ஏசி ஒன்றரை மணி நேரம் ஓடுவதற்குச் சமம். மதிய வெக்கையில் குளத்தில் இறங்கி ஏறியவருக்கு அன்றைக்கு ஏசி அவ்வளவு நேரம் தேவைப்படாது.

ஓடு விஷயத்தில்தான் இந்த ஊர் தன் வாயைத் திறக்க வேண்டும். குளியலறைச் சுவருக்கு வாங்கும் பளபளப்பான ஓட்டைக் குளத்தில் பதித்துவிட்டு, இரண்டு மழைக்காலத்தில் பிளந்து உதிர்வதைப் பார்ப்பவர்கள் பலர். காரணம் மேற்பூச்சுக்கு அடியில் இருக்கிறது. சுவர் ஓட்டின் உடல் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சும். குளத்துக்கு வேண்டியது அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத, 1,200 டிகிரி வாக்கில் சுட்டு இறுகிய பீங்கான் உடல். கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஓட்டைத் திருப்பி, பூச்சு இல்லாத பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுவர் ஓட்டில் அந்தச் சொட்டு விரிந்து, கண்ணெதிரே மங்கி, சில நொடியில் வெறும் ஈரத் தடமாகிவிடும். இறுகிய பீங்கானில் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், சாய்த்தால் வழிந்து போகும். சூளைக்காரர்கள் இதையே நாக்கால் தொட்டுப் பார்ப்பார்கள். பிஸ்கட் சூட்டில் எடுத்த பண்டம் நாக்கில் ஒட்டும், முழுச் சூடு ஏறியது ஒட்டாது. ஃபியூஸ் கேரியர் செய்யும் ஊருக்கு இது புதிய அறிவு அல்ல. மின்சாரப் பீங்கான் ஈரம் குடித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்துதான் அதைச் சுடுகிறார்கள். பெரிய தரை ஓட்டுக்குக் குஜராத்தின் மோர்பியில் இருப்பதுபோல ராட்சத அழுத்து இயந்திரமும் நீளமான உருளைச் சூளையும் வேண்டும், அதில் நாம் போட்டியிட முடியாது. ஆனால் குளத்தின் வளைவுக்கும் படிக்கும் விளிம்புக்கும் வேண்டிய இரண்டு அங்குல மொசைக் ஓடு சின்னப் பண்டம். சின்னப் பண்டத்தைச் சின்னச் சூளையில் நன்றாகச் சுடலாம். மண் அறிந்த கைகளும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் உள்ள ஊர், கார்த்திகை தீபத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக் குளம் பெருகினால் அதன் கூலி முதலில் வர வேண்டியது விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டைக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கொசு பற்றிய பயம் நியாயமானது, விடையும் எளிது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் அசையாத தண்ணீர் கேட்கும். தினமும் சுழன்று குளோரின் உள்ள குளத்தில் அதற்கு இடமில்லை. ஊருக்குப் போய்விட்டுக் குளத்தைப் பச்சை பிடிக்க விடுபவருக்கு அபராதம் போடுவது சரிதான். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்து வைக்கவும் கூடாது. நிலத்தடி நீர் ஏறும்போது வெறும் தொட்டியைக் கீழிருந்து தூக்கித் தரையைப் பிளந்துவிடும். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டாம்.

மீதியிருப்பது ஒரே ஓர் எதிர்ப்பு. அதற்கு முன்னால் என் வாதம் முழுவதும் நிபந்தனைக்கு உட்பட்டதாகிவிடுகிறது. தவழும் குழந்தைக்கும் தத்தி நடக்கும் குழந்தைக்கும் வீட்டுக் குளம் மரணக் குழி. அமெரிக்காவில் ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் மூழ்குவது, அதில் பெரும்பகுதி வீட்டுக் குளங்களில். நம் ஊரில் மூடாத சம்ப் விழுங்கிய குழந்தைகளின் செய்தி அடிக்கடி வருகிறது. சத்தம் வராது, ஒரு தொலைபேசி அழைப்பின் நேரம் போதும். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கணக்கிட்டு மூன்று பக்கம் மட்டும் வேலி போடுவது பாதுகாப்பல்ல, ஏனென்றால் குழந்தை வருவது வீட்டுக்குள்ளிருந்துதான். நாற்புறமும் நாலடி உயர வேலி, ஏறக் கால் வைக்க இடமில்லாத கம்பி, தானே மூடிக்கொள்ளும் கதவு, குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள். ஆஸ்திரேலியா இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. நம் நகராட்சிகள் கட்டட அனுமதியில் குளத்தின் அளவு, மழைநீர் இணைப்பு, வேலி இம்மூன்றையும் கேட்கட்டும், மற்றதைக் குடும்பத்திடம் விட்டுவிடட்டும். கட்ட நினைப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஓடு தேர்வு செய்யும் முன் வேலிக்குப் பணம் ஒதுக்குங்கள். வேலிக்கு வசதியில்லை என்றால் குளம் கட்டாதீர்கள்.